அடைக்கக் கூடாத துளை

வீட்டு முற்றத்தில் நிற்கின்ற காரின் அடியில் ஒருநாள் காலை உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தால், அதனைக் காண்பவர் இரு வகையினர். குனிந்து பார்ப்பவர் ஒருவர். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகின்றவர் மற்றொருவர். நான் ஐந்து மாதங்கள் இரண்டாம் வகையினனாக வாழ்ந்தேன். அதனால் நேர்ந்த இழப்பையும், அந்த இழப்பின் வழியாக வந்த ஒரு தெளிவையும் இங்கே எழுதுகின்றேன். என்னைப் போன்ற தந்தையர் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதே இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம்.

எங்கள் கார் 2004-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி 800. இவ்வகைக் காரின் முதல் வண்டிக்குரிய சாவியை 1983 டிசம்பர் 14-ஆம் நாள் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் உரியவரிடம் வழங்கினார். முப்பது ஆண்டுகள் ஓடிய பின்னர், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்றே சிலிண்டர்களும் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு எஞ்சின், ஆசிரியர், எழுத்தர், சிறு வணிகர் எனப் பல குடும்பங்களுக்கு முதல் காரைத் தந்தது. திண்டுக்கல்லை அடுத்த ஓர் ஊரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்த நானும் அவர்களுள் ஒருவன்.

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய வண்டி அது. என் தாயாரை இறுதி முறையாக மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது அதுதான்; என் மகளை மணக்கோலத்தில் ஏற்றிச் சென்றதும் அதுதான். 15 ஆண்டுப் பதிவுக் காலம் 2019-இல் முடிந்தபோது ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தேன்; 2024-இல் மறுபடியும் புதுப்பித்தேன். “விற்றுவிட்டால் என்ன, அப்பா?” என்று மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அது வண்டியைப் பற்றிய கேள்வியாக எனக்குப் பட்டதே இல்லை. என் வயதைப் பற்றிய கேள்வியாகவே பட்டது.

சென்ற ஆண்டு தை மாதத்தில், ஏறக்குறைய ஒரே வாரத்தில், இரண்டு செய்திகள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்த என் இளைய மகன், ஒரே ஒரு பெட்டியோடு வீடு திரும்பினான். வேலை என்ன ஆயிற்று என்று அவன் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடுமே என்னும் அச்சம் எனக்கு. அவ்வாரத்திலேயே ஒருநாள் காலை அவன் முற்றத்திலிருந்து வந்து, “அப்பா, வண்டிக்கு அடியில் பச்சையாக ஏதோ சொட்டுகிறது. கூலண்ட் போலத் தெரிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுவோமா?” என்றான்.

“நீ முதலில் உன் வேலையைப் பார்” என்றேன் நான்.

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் கூர்மை எனக்கே உறைத்தது. பார்ப்பதற்கு வேலை இல்லாமல் வந்து நிற்பவனிடம் சொல்லத்தக்க சொல்லா அது? அவன் மறுமொழி சொல்லாமல் உள்ளே போனான். அதன் பிறகு காரைப் பற்றி அவன் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

கூலண்ட் என்பது என்ன என்று அறியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். பெட்ரோல் எரியும்போது எழும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு, சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகிறது. மற்றொரு பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியது எஞ்சினையே சுட்டுக்கொண்டு நிற்கும். அதனை ஏந்திக்கொண்டு வெளியே கொண்டுபோய் விடுவதற்காகவே எஞ்சினுக்குள் குடைந்த வழிகளில் நீர் ஓடுகின்றது. வாட்டர் பம்பு அதனைத் தள்ளுகின்றது. முன்புறத்து ரேடியேட்டரில் காற்றுப் பட்டு அது ஆறுகின்றது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குள் போகின்றது. வெறும் நீரானால் துரு ஏறும், உப்புப் படியும். ஆகையால் எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தையும், துருவைத் தடுக்கும் மருந்துகளையும் தூய நீருடன் கலந்து ஊற்றுகின்றனர். அந்தக் கலவையே கூலண்ட். கசிந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதற்குப் பச்சை, சிவப்பு, நீலம் என நிறமும் ஏற்றியிருக்கின்றனர்.

இவ்வளவும் எனக்கு முன்பே ஓரளவு தெரியும். தெரிந்தும் நான் செய்தது என்ன? வீட்டார் எழுவதற்கு முன்னே எழுந்து, ஒரு பித்தளைச் சொம்பில் ஆழ்துளைக் கிணற்று நீரை முகந்துகொண்டு போய், பானெட்டைத் திறந்து ஊற்றினேன். முதலில் வாரத்துக்கு ஒரு சொம்பு. மாசியில் மூன்று நாளுக்கு ஒரு சொம்பு. பங்குனி பிறந்தபோது நாள்தோறும் ஒரு சொம்பு. எங்கள் பக்கத்து நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும். அந்த நீரைத்தான் ஊற்றினேன். தரையில் பச்சை நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் ஈரமாயிற்று. நிறம் போனது நோய் முற்றியதன் அடையாளம். நானோ அதைக் கண்டு ஆறுதல் அடைந்தேன்.

வீட்டுக்குள்ளும் அதே நிலைதான். இரவில் பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு என் மனைவி சமையற்கட்டிலேயே தங்கிவிடுவாள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். விசும்பல் கேட்கும். நான் வாயிற்படியில் நின்று, “அழாதே. அழுதால் தீர்ந்துவிடுமா? காலையில் எல்லாம் சரியாகும், வந்து படு” என்பேன். “பிள்ளை சாப்பிடுவதே இல்லைங்க. நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்பாள் அவள். “அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம்” என்று நான் முடித்துவிடுவேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அழுகை நின்றது என்று நானும் அமைதியாக உறங்கப் போவேன்.

சித்திரையில் ஒருநாள் பாயை விரித்து வண்டிக்குக் கீழே படுத்து, டார்ச் விளக்கின் ஒளியில் தேடினேன். வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் மிளகு அளவே ஆன ஒரு துளை தெரிந்தது. அதிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக நீர் வந்துகொண்டிருந்தது. எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. இவ்வளவு சிறிய ஓட்டைக்கா இத்தனை நாள் அஞ்சினோம் என்று எண்ணினேன். இரும்புக் கடையில் இரு வண்ணக் களிம்பைப் பிசைந்து ஒட்டும் பசையை வாங்கி வந்து, அந்த இடத்தைத் துடைத்து, துளையை நன்றாக அடைத்தேன். மறுநாள் காலை தரை உலர்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உணவு நேரத்தில் மகனைப் பார்த்து, “பட்டறை, பட்டறை என்றாயே, பார்த்தாயா? ஐம்பது ரூபாய்ப் பசையில் முடிந்துவிட்டது” என்றேன். அவன் தட்டைப் பார்த்தபடியே, “எந்த இடத்தில் அடைத்தீர்கள், அப்பா?” என்று கேட்டான். “கசிந்த இடத்தில்தான்” என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டான். இனிச் சொல்லிப் பயனில்லை என்னும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்தவன் நான்தான்.

வைகாசியில் சிறுமலையில் உறவினர் வீட்டுத் திருமணம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போய், மலைப்பாதையில் திரும்பி, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். “பேருந்தில் போய்விடலாமே” என்றாள் மனைவி. நான் இணங்கவில்லை. உறவினர் முற்றத்தில் என் வண்டி போய் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. நான் ஓட்ட, மகன் பக்கத்தில் அமர, மனைவி பின்னிருக்கையில் சீர்வரிசைத் தட்டுகளோடு அமர்ந்தாள்.

ஆறாம் வளைவு கடந்தபோது முன்புறத்திலிருந்து மெல்லிய கீச்சொலி எழுந்தது. நான் சற்று உரத்த குரலில் மணமகன் வீட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பத்தாம் வளைவில் வெப்பமானியின் ஊசி சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. என் உள்ளங்கை வேர்த்தது. இன்னும் சிறிது தொலைவு போனதும் அந்த ஊசி தானாகவே இறங்கத் தொடங்கிற்று. நிம்மதியோடு, “பார், இறங்கிவிட்டது. ஏற்றத்தில் சற்றுச் சூடேறும், அவ்வளவுதான்” என்றேன்.

மகன் அப்போதுதான் குரலை உயர்த்தினான். மாதக்கணக்கில் கேளாத குரல். “அப்பா, நிறுத்துங்கள்! தண்ணீர் இல்லாததனால்தான் ஊசி இறங்குகிறது. உள்ளே இருக்கிற உணர்கருவியைத் தண்ணீர் தொட்டால்தான் அது உண்மையைக் காட்டும். நிறுத்துங்கள்!”

வளைவில் எப்படி நிறுத்துவது என்றேன். அடுத்த வளைவையும் கடந்து, அகலமான இடம் பார்த்து நிறுத்தலாம் என்றேன். உண்மையில், அவன் சொல் சரி என்று உடனே ஏற்க மனம் வரவில்லை. அந்த ஒரு வளைவை நான் ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் வண்டி தானாகவே நின்றது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து நீராவி வெளிவந்தது.

பதறிப்போய் இறங்கினேன். பானெட்டைத் தூக்கி, கைத்துண்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். மகன் என் மணிக்கட்டை இறுகப் பற்றினான். “வேண்டாம், அப்பா. உள்ளே அழுத்தம் இருக்கிறது. இப்போது திறந்தால் முகத்தில் அடிக்கும். ஆறட்டும்” என்றான்.

அவன் என் கையைப் பிடித்தது, சிறுவனாக இருந்து சாலையைக் கடந்த காலத்துக்குப் பின்னர் அதுவே முதல் முறை.

வாழைத்தார் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு சிற்றுந்தில் மனைவியைத் திருமணத்துக்கு அனுப்பிவைத்தோம். கைப்பேசியில் செய்தி சொல்லி, திண்டுக்கல்லிலிருந்து வண்டியை ஏற்றிச் செல்லும் ஊர்தி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் தந்தையும் மகனும் சாலை ஓரத்துச் சுவரில் ஒரு முழ இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை; அவன் ஒன்றும் சொல்லவில்லை. “ஆறட்டும்” என்று அவன் சொன்ன சொல் மட்டும் என் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

திண்டுக்கல் பட்டறையின் உரிமையாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர்; சிறு வயது முதல் இந்தத் தொழிலிலேயே இருப்பவர். முன்புறத்து வார்களையும் மூடிகளையும் கழற்றி, வாட்டர் பம்பை வெளியே எடுத்தார். அதன் தண்டைப் பிடித்து அசைத்தபோது, ஆடும் பல்லைப் போல அது ஆடிற்று. பம்பைத் திருப்பிப் பார்த்தவர், ஸ்குரூ டிரைவர் முனையால் எதையோ சுரண்டினார். உலர்ந்த பசை உதிர்ந்தது.

“இதை யார் சார் அடைத்தது?”

என் மகன் பேசாமல் நின்றான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. “நான்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பம்பை என் உள்ளங்கையில் வைத்து விளக்கினார். தண்டின் ஒரு முனை நீருக்குள் நின்று இறக்கையைச் சுழற்றுகின்றது. மறுமுனை வெளியே பேரிங்கில் சுழல்கின்றது. இரண்டுக்கும் நடுவே நீர் வெளியேறாமல் தடுக்கும் சீல் உள்ளது. அது தேய்வது இயல்பு. தேய்ந்தால் கசிகின்ற நீர் பேரிங்குக்குள் போய் அங்குள்ள கிரீஸைக் கழுவிவிடும். அப்படி நேராமலிருக்க, பம்பைச் செய்பவர்களே சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் வேண்டுமென்றே ஒரு துளையைப் போட்டு அனுப்புகின்றனர். சீல் கெட்டுவிட்டது என்பதை உரியவனுக்குச் சொல்லத்தான் அந்தத் துளை.

“துளை கெட்டுப்போகவில்லை சார். துளை அதன் வேலையைச் செய்தது. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பேரிங்குக்குள் போயிற்று. பேரிங் போனதும் தண்டு ஆடிற்று. தண்டு ஆடியதும் சீல் முழுதும் பிய்ந்தது. மலையில் ஒரே மூச்சில் எல்லாத் தண்ணீரும் போய்விட்டது.”

“இந்தத் துளைக்கு ஏதேனும் பெயர் உண்டா?” என்று கேட்டேன்.

“வீப் ஹோல் என்று சொல்லுவோம்” என்றார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அச்சொல்லுக்கு எத்தனை முறை கரும்பலகையில் பொருள் எழுதியிருப்பேன்! அழும் துளை. அழுவதற்காகவே வைத்த துளை. அந்தப் பம்பு என் கையில் கனத்தது. இருண்ட சமையற்கட்டும், வாயிற்படியில் நின்று “அழாதே” என்று நான் அதட்டியதும் கண்முன் வந்து நின்றன.

வண்டி சரியாக நான்கு நாட்கள் பிடித்தன. நீரின்றி ஓடிய அந்த ஒரு வளைவின் சூட்டில், அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் சற்றே வளைந்து, அதன் அடியில் உள்ள கேஸ்கெட்டும் போய்விட்டது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்தனர். பம்பு, கேஸ்கெட், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட், முறுகிப்போன ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாயின. ரேடியேட்டரைக் கழுவியபோது என் சொம்பு நீரின் வெள்ளைப் படிவும் துருவும் செந்நிறச் சேறாக வந்தன. பிறகு, ரேடியேட்டர் மூடி இருக்குமிடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் ஏற்றி, முள் இறங்குகின்றதா என்று கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார் அவர். இறங்கவில்லை. மொத்தச் செலவு 14,600 ரூபாய். “ஈரம் கண்ட அன்றே வந்திருந்தால் பம்பும் கூலியுமாக 2,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்காக, அப்பட்டறையில் நான் கற்றவற்றை இங்கே குறித்துவிடுகின்றேன். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், வாரம் ஒருமுறையேனும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இரு கோடுகளுக்கு நடுவே கூலண்ட் நிற்கின்றதா என்று பாருங்கள். தொடர்ந்து குறையுமானால் எங்கோ கசிவு உண்டு. ஊற்றிக்கொண்டே இருப்பது மருந்தாகாது. தரையில் ஈரம் இல்லாமலே நீர் குறைந்தால் இன்னும் கவனம் தேவை. எஞ்சின் ஆயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு இருந்தாலோ, புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வந்தாலோ, நீர் எஞ்சினுக்குள்ளேயே கசிவதாக இருக்கலாம்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது உள்ளே அழுத்தத்தைக் காத்து, நீர் 100 பாகையில் கொதித்துவிடாமல் தடுக்கின்றது. ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தில், வெறும் நீரே 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மலை ஏற ஏற, திறந்த பாத்திரத்தில் நீர் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று பாகை குறையும். ஆகவே தேய்ந்த மூடியோடு மலை ஏறுவதும் தவறு. சூடான மூடியைத் திறப்பது அதனினும் பெருந்தவறு. வழியில் சூடேறினால் ஏ.சி.யை நிறுத்தி, பாதுகாப்பான முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணும். இன்னும் ஒன்று: கூலண்ட் இனிப்புச் சுவையுடையது, ஆனால் கொடிய நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது சிந்திய இடத்தை உடனே கழுவுங்கள். குழந்தைகளும் நாயும் அணுகவிடாதீர்கள்.

பட்டறையிலிருந்து பம்பின் கதையைக் கேட்டுத் திரும்பிய அன்றிரவு, வழக்கம்போலச் சமையற்கட்டில் விளக்கு அணைந்தது. விசும்பல் கேட்டது. நான் வாயிற்படியில் நிற்கவில்லை. உள்ளே போய், அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “அழாதே” என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, “அவனைக் கூப்பிடு” என்றேன்.

அவன் வந்து நின்றான். “உட்கார்” என்றேன். “அன்றைக்கு உன் வேலையைப் பார் என்று சொன்னேன். அது தவறு. இப்போது சொல். எவ்வளவு?” என்று கேட்டேன்.

‘எவ்வளவு’ என்று மட்டுமே கேட்டேன். ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. பட்டறை மூடுவதற்கு முன்பே மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று, வழக்கம்போல எங்களுக்குப் பணம் அனுப்புவதற்காகவே மாத வட்டிக்கு வாங்கியிருக்கின்றான். அந்த வட்டியைக் கட்ட இன்னோர் இடத்தில். எல்லாம் சேர்ந்து 2,40,000 ரூபாய் ஆகியிருந்தது. நாள்தோறும் தொலைபேசியில் மிரட்டல். ஊற்றிக்கொண்டே இருந்திருக்கின்றான், என்னைப் போலவே. கடைசியில் தலை நிமிராமல், “இங்கு வருவதற்கு முந்தின நாள் திருப்பூர் ரயில் நிலையத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன், அப்பா. அம்மாவின் போன் வந்தது. அப்புறம்தான் ஊருக்கு வண்டி ஏறினேன்” என்றான்.

என் மனைவி அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அன்று மூவரும் அழுதோம். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

மறுவாரம் ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருந்த வைப்புத்தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்தே திருப்பூர் போனோம். கொடுத்தவர்களை நேரில் பார்த்தோம். பாதியைக் கட்டி, மீதிக்குத் தவணை பேசி, எழுத்தில் வாங்கினோம். தந்தை உடன் வந்து நின்றதைக் கண்டதும் அவர்களுடைய பேச்சின் தொனி மாறியதை நான் கவனித்தேன். அதற்காக எனக்குப் பெருமை உண்டாகவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே வந்து நின்றிருக்கலாமே என்றுதான் இருந்தது. இப்போது அவன் திண்டுக்கல்லை அடுத்த ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கின்றான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. தவணைகள் இன்னும் ஏழு உள்ளன. இரவில் மூவரும் சேர்ந்து சாப்பிடுகின்றோம். சில நாட்களில் அவன் சினந்து பேசுவதும் உண்டு. பேசட்டும்.

குடும்பத்தில் யாரோ ஒருவருடைய கண்ணில் நீர் கசியும்; அல்லது யாரோ ஒருவர் உணவைக் குறைப்பார்; அல்லது பிள்ளை ஒருநாள் தேவையில்லாமல் எரிந்து விழுவான். அவை தொல்லையாகத்தான் தெரியும். உடனே அடக்கிவிடத்தான் கை போகும். அடக்கினால் தரை உலர்ந்துவிடும், ஊசியும் இறங்கிவிடும். உள்ளே நீர் இல்லாததால் இறங்கிய ஊசி அது என்பதை நான் ஒரு மலைப்பாதையில் விலை கொடுத்துக் கற்றேன்.

அந்தப் பழைய பம்பைப் பட்டறைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கி வந்து, என் மேசைமேல் தாள்கள் பறக்காமலிருக்க வைத்திருக்கின்றேன். துளையில் ஒட்டியிருந்த பசையை மகன் ஊசியால் குடைந்து முழுவதும் எடுத்துவிட்டான். வண்டி முற்றத்தில் நிற்கின்றது. காலையில் எழுந்ததும் நான் குனிந்து பார்க்கின்றேன்.